ரிவெட்டும் ரெண்டாவது ஆளும்

டொராண்டோவில் வந்து இறங்கும்போது ஜன்னல் சீட் கிடைத்தவர்கள் இறக்கையைக் கவனித்திருப்பீர்கள். வரிசை வரிசையாகப் புள்ளிகள். அத்தனையும் ரிவெட். (கலைச்சொல் அகராதியில் இதுக்குப் பேர் தறையாணி. நல்ல சொல்தான், ஆனா எந்த ஒர்க்‌ஷாப்பிலும் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.)

நீங்க இறங்குகிற பியர்சன் விமான நிலையத்துக்கு முதலில் மால்டன் என்றுதான் பெயர். இரண்டாம் உலகப் போரின்போது அதை ஒட்டி இருந்த விக்டரி ஏர்கிராஃப்ட் தொழிற்சாலையில் 430 லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானங்களைக் கட்டினார்கள். முதல் விமானம் 1943 ஆகஸ்டில் வெளியே வந்தது. 1945-ல் கட்டினது ஒன்று ஹாமில்டன் மியூசியத்தில் இருக்கிறது, இன்னமும் பறக்குது. கிட்டப் போய்ப் பாருங்க, ரிவெட்டை எண்ணி முடிக்க முடியாது. மால்டன்னு சொன்னதும் இங்கே எல்லாரும் ஆவ்ரோ ஆரோ கதைக்குப் போய்விடுவார்கள். நான் போகலை. எனக்கு வேண்டியது அந்தப் புள்ளிகள்தான்.

கெட்டி ரிவெட் அடிக்க ரெண்டு பேர் வேணும். வெளியே நிற்கிறவர் காற்றில் ஓடுகிற ரிவெட் கன்னைத் தலைப்பக்கம் வைத்து அடிப்பார். உள்ளே இருக்கிறவர் பக்கிங் பார் என்கிற இரும்புக் கட்டியை வால்பக்கம் அழுத்திப் பிடிக்கணும். அடி விழ விழ வால் நசுங்கி இன்னொரு தலையாக விரியும். அந்த வாலின் அகலம் ரிவெட் விட்டத்தில் ஒன்றரை மடங்கு, உயரம் பாதி. கால் அங்குலத்தில் பாதி, அதாவது 1/8 அங்குல ரிவெட் என்றால் வால் 3/16 அங்குலத்துக்கு விரியணும். கூடினாலும் குறைந்தாலும் துளையிட்டு எடுத்துவிட்டு மறுபடி அடிக்கணும். போர்க்காலத்தில் இந்த ஜோடிகளில் நிறையப் பேர் பெண்கள். போஸ்டரில் எல்லாம் கன் பிடிச்சவங்கதான். இருட்டில் உள்ளே குந்தி, சத்தத்தைக் காதுக்குள் வாங்கி, கட்டியைப் பிடிச்சவங்களுக்கு யாரும் போஸ்டர் போடலை.

டொராண்டோவின் இன்னொரு விமான ஊர் டவுன்ஸ்வியூ. டி ஹாவிலாண்ட் கனடா அங்கே போரில் கட்டிய மொஸ்கிட்டோ மர விமானம். பசைதான் அதில் முக்கியம். போர் முடிந்ததும் உலோகத்துக்கு மாறினார்கள். 1946-ல் சிப்மங்க், 1947-ல் ஏரியிலும் பனியிலும் இறங்குகிற பீவர். தொழிற்சாலைக்கு ரெண்டாவது ஆள் ஒரு பிரச்சினையே இல்லை. சம்பளம் கொடுத்தா வந்துடுவார்.

வீட்டில் கட்டுகிறவருக்கு அப்படி இல்லையே. கனடாவில் முறைப்படி அனுமதி வாங்கி வீட்டுக்காரர் ஒருவர் கட்டிய முதல் விமானம் 1955-ல் பறந்தது. ஒன்டாரியோவின் கோடரிச் ஊரில் கீத் ஹாப்கின்சன் கட்டின ஸ்டிட்ஸ் பிளேபாய். இப்போ ஒட்டாவா மியூசியத்தில் இருக்கு. இரும்புக்குழாய், மரம், துணி. அந்தக் காலத்து வீட்டு விமானம் பெரும்பாலும் இப்படித்தான், ஒரு ஆள் தனியா செய்யக்கூடிய வேலை. அலுமினியத் தகடு வந்த பிறகுதான் "கட்டியை யார் பிடிப்பா?" என்கிற கேள்வி வந்தது.

எனக்கு இதில் என்ன அக்கறைன்னா, நான் குடியிருக்கிற பேஸ்மெண்டின் ஓனர் அண்ணை கராஜில் விமானம் கட்டுகிறார். ஸ்கார்பரோவில்! யாழ்ப்பாணத்துக்காரர், நைட் ஷிப்ட் வேலை. எடுத்திருப்பது அமெரிக்காவின் ஓரிகனில் இருந்து வருகிற கெட்டி ரிவெட் கிட். முதல் பெட்டி வால் பகுதி. "தம்பி, நீர் மெக்கானிக்கல்தானே படிக்கிறீர், கையால அமத்துற ஸ்க்வீசரில எதை வாங்கலாம்?" என்று கேட்டார். அவர் முழிச்சிருக்கிற நேரம் வீட்டில் யாரும் இல்லை. ரெண்டாவது ஆளுக்கு வழியில்லாதவர் கேட்கிற கேள்வி இது. எல்லாத்துக்கும் ஸ்க்வீசரே போதும்னு நம்பி வாங்கினால் அடுத்த பெட்டியில் மாட்டிக்கொள்வார்.

ஸ்க்வீசர் என்பது பெரிய சைஸ் குறடு மாதிரி. C வடிவத் தாடை, ஒரு பக்கம் தலைக்கு அச்சு, மறுபக்கம் தட்டையான அச்சு. ரெண்டு கைப்பிடியையும் சேர்த்து அமுக்கினால் ரிவெட் சத்தமே இல்லாமல் விரிகிறது. ராத்திரி ரெண்டு மணிக்குக்கூட அடிக்கலாம், பக்கத்து வீட்டுக்காரர் போலீசைக் கூப்பிட மாட்டார் :-) தாடையின் ஆழம் எவ்வளவோ, தகட்டின் ஓரத்திலிருந்து அவ்வளவு தூரம்தான் எட்டும். ஓரங்கள், ரிப், வாலின் அசையும் பாகங்கள் எல்லாம் தனியா முடிச்சிடலாம். இறக்கைத் தோலின் நடுவில் அது எட்டவே எட்டாது.

நான் சொன்னது இதுதான். முதலில் தாடையைப் பாருங்க, கைப்பிடியை அப்புறம் பார்க்கலாம். காற்றழுத்த ஸ்க்வீசருக்கும் பொருந்துகிற தாடை உள்ளதை வாங்கினால், நாளைக்குக் காற்று மாடலுக்குப் போனாலும் தாடைக்குப் போட்ட காசு வீணாகாது. ஆழம் அதிகமானதை முதல்லயே வாங்க வேண்டாம்; அமுக்கும்போது அது லேசா விரியும், வால் சாய்ந்துவிடும். மூணு அங்குலம் ஆரம்பத்துக்குப் போதும். அச்சின் உயரத்தைத் திருகி வைத்துப் பூட்டுகிற வசதி கட்டாயம் வேணும், இல்லாட்டி பத்தாவது ரிவெட்டில் அளவு நகர்ந்திருக்கும். அப்புறம் கை பலம். 3/32 அங்குலத்தை யார் வேணும்னாலும் அமுக்கலாம். 1/8-க்குக் குறுக்குப் பரப்பு கிட்டத்தட்ட 1.8 மடங்கு, நூறு அடித்தால் தோள் சொல்லும். அதனால் கடைசி நசுக்கலில் விசை கூடுகிற கூட்டு நெம்புகோல் மாடலுக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் தப்பில்லை. விமானத்தில் கை வைக்கும் முன்னால் கழிவுத் தகட்டில் ஒரு ஐம்பது அடித்துப் பழகவும்.

இதே ரெண்டாவது ஆள் பிரச்சினைக்கு இந்த ஊரிலேயே வேறொருத்தர் வேற விடை கண்டார். கிறிஸ் ஹெய்ன்ட்ஸ், ஐரோப்பாவில் கான்கார்டில் வேலை பார்த்த பொறியாளர். கனடா வந்து டவுன்ஸ்வியூவில் டி ஹாவிலாண்டின் டேஷ் 7-க்கு வலிமைக் கணக்குப் போட்டார். 1974-ல் தன் கராஜில் ஜெனேர் கம்பெனியை ஆரம்பித்தார். தன் கிட்டுகளில் கெட்டி ரிவெட்டையே பெரும்பாலும் விட்டுவிட்டு, வெளியிலிருந்தே இழுத்து அடிக்கிற பிளைண்ட் ரிவெட் போட்டார். உள்ளே ஆள் வேண்டாம், கட்டி வேண்டாம். ரிவெட் புதுசு இல்லை, 1930-களிலேயே வந்தது. எனக்குப் பிடிச்சது அவர் கருவியில் செய்த வேலை. கை ரிவெட்டரின் மூக்கைக் குழிவாகக் கடைந்து, தட்டைத்தலை ரிவெட்டை இழுக்கும்போதே அது உருண்டைத் தலையாக மாறும்படி செய்தார். ஆயிரக்கணக்கில் செலவில்லாத தந்திரம். 1976-ல் ஆஷ்கோஷ் கண்காட்சியில் அவருடைய விமானம் ஒன்றை எட்டே நாளில் கட்டிக் காட்டினார்கள்.

கதை முழுக்க இனிப்பும் இல்லை. அவர் வடிவமைத்த சி.ஹெச். 601 எக்ஸ்.எல். சில வானத்திலேயே உடைந்து உயிர்கள் போயின. 2009-ல் அமெரிக்க விபத்து விசாரணை வாரியம் அதைப் பறக்கவிடாமல் நிறுத்தச் சொன்னது. இறக்கையை வலுப்படுத்தும் மாற்றங்கள் வந்தன. வாரியம் கைகாட்டியது ரிவெட்டை இல்லை, ஃப்ளட்டர் என்கிற இறக்கைப் படபடப்பை. ஹெய்ன்ட்ஸ் 2021-ல் காலமானார். டவுன்ஸ்வியூ ஓடுபாதையும் 2024-ல் மூடியாச்சு. பழைய டி ஹாவிலாண்ட் கட்டடத்தில் இப்போ சென்டினியல் காலேஜ் பசங்களுக்கு விமானப் பராமரிப்பு சொல்லித் தருது.

அண்ணையிடம் ஹெய்ன்ட்ஸ் கதையைச் சொன்னேன். "அப்ப நான் வேற கிட் எல்லோ வாங்கியிருக்கோணும்" என்றார். பெட்டி வந்தாச்சு, இனிப் பேசிப் பயனில்லை. கூட்டு நெம்புகோல் ஸ்க்வீசரும் மூணு அங்குலத் தாடையும் ஆர்டர் போட்டிருக்கிறார். வால் தனியா முடிஞ்சிடும். இறக்கைத் தோலுக்கு கன்னும் கட்டியும்தான், அதுவும் சனிக்கிழமை பகலில் மட்டும். கட்டி பிடிக்க அவர் மகள் ஒத்துக்கொண்டிருக்கிறாள். காதுக்கு மஃப், கண்ணுக்குக் கண்ணாடி, மணிக்கு இவ்வளவு டாலர்னு கணக்கும் பேசி முடிச்சாச்சாம்.