போர் முடிந்தும் முடியாத போர்: சுமார் 35 ஆண்டுகள் பூட்டி வைக்கப்பட்ட ஆவணப்படம்

கைகால்களில் காயம் இல்லை. ஆனால் அந்த இளைஞரால் எழுந்து நடக்க முடியவில்லை. இன்னொருவருக்குத் தன் பெயரே நினைவில்லை. வேறொருவர் டாக்டரிடம் பேச வாயைத் திறக்கிறார், அழுகைதான் வருகிறது.

இவர்கள் நடிகர்கள் அல்லர். இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய அமெரிக்க வீரர்கள். நியூயார்க் அருகே ஒரு ராணுவ மனநல மருத்துவமனையில் அவர்கள் சிகிச்சை பெற்றதை இயக்குநர் ஜான் ஹூஸ்டன் படம்பிடித்தார். 1946இல் தயாரான அந்த ஆவணப்படத்தின் பெயர் 'லெட் தேர் பி லைட்'.

படம் எடுக்கச் சொன்னதே அமெரிக்க ராணுவம்தான். ஆனால் படத்தைப் பார்த்ததும் அதைத் திரையிடவிடாமல் தடுத்ததும் அதே ராணுவம்தான்! வீரர்களின் அந்தரங்கத்தைக் காப்பதற்காக என்று காரணம் சொல்லப்பட்டது. 'போருக்குப் போனவன் இன்னும் திடமாகத்தான் திரும்புவான்' என்ற கதை உடைந்துவிடும் என்ற பயமே உண்மையான காரணம் என்பது ஹூஸ்டனின் கருத்து. பொதுமக்கள் அதைப் பார்க்க 1980 டிசம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அது நோயா, கோழைத்தனமா?

முதல் உலகப் போரில் இதை 'ஷெல் ஷாக்' என்றார்கள். குண்டு வெடித்த அதிர்வில் மூளை பாதிக்கப்படுவதாக முதலில் நினைத்தார்கள். குண்டுச் சத்தத்துக்குப் பக்கத்திலேயே போகாதவர்களுக்கும் அது வந்தபோது, அந்த விளக்கம் நிற்கவில்லை. பலருக்குக் கிடைத்தது கோழை என்ற பட்டம். போர்முனையிலிருந்து ஓடியது, கோழைத்தனம் போன்ற குற்றங்களுக்காக பிரிட்டிஷ் ராணுவத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட 306 பேருக்கு 2006இல்தான் மன்னிப்பு வழங்கப்பட்டது. அவர்களில் எத்தனை பேர் நோயாளிகளாக இருந்திருப்பார்களோ!

'பிடிஎஸ்டி' என்ற பெயர் அமெரிக்க மனநல மருத்துவர்களின் அதிகாரபூர்வக் கையேட்டில் இடம்பெற்றதும் அதே 1980இல்தான். நடந்தது மறுபடி கண்முன்னே நடப்பதுபோலத் தோன்றும். கெட்ட கனவு வரும். அதை நினைவூட்டும் இடத்தையும் ஆளையும் தவிர்க்கத் தோன்றும். கதவு படாரென்று சாத்தினால்கூட உடம்பு தூக்கிவாரிப் போடும். இவை ஒரு மாதத்துக்கும் மேல் நீடித்து, அன்றாட வாழ்க்கையைப் பாதித்தால் மருத்துவர்கள் பிடிஎஸ்டியா என்று பார்ப்பார்கள்.

சரி, இதுக்கும் சிங்கப்பூருக்கும் என்ன சம்பந்தம்?

லிட்டில் இந்தியாவுக்கு அடுத்த எம்ஆர்டி நிலையம் ஃபேரர் பார்க். சிங்கப்பூர் வீழ்ந்து இரண்டே நாளில், 1942 பிப்ரவரி 17ஆம் தேதி, அங்குள்ள திடலில் 40,000க்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் கூட்டப்பட்டார்கள். பிரிட்டிஷ் அதிகாரி அவர்களை ஜப்பானியரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். ஜப்பானிய மேஜர் ஃபுஜிவாரா பேசியது முதலில் ஆங்கிலத்திலும் பிறகு இந்துஸ்தானியிலும் மொழிபெயர்க்கப்பட்டது. முந்தைய வாரம் வரை சுட்டுக்கொண்டிருந்தவர்கள், தங்கள் தலைவிதியை மூன்றாவது மொழியில் கேட்டார்கள்.

பலர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். பிறகு மலாயா, சிங்கப்பூர்த் தமிழர்களும் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். வாட்டர்லூ ஸ்திரீட்டில் 1943 அக்டோபரில் தொடங்கிய ஜான்சி ராணிப் படை முகாமுக்கு ரப்பர் தோட்டத்துப் பெண்களும் வந்தார்கள். 1944இல் இம்பாலிலிருந்து பின்வாங்கிய வீரர்களை மழையும் பசியும் மலேரியாவும் துரத்தின. சேர மறுத்தவர்களில் பலரை ஜப்பானியர் நியூ கினி வரை அனுப்பி வேலை வாங்கினார்கள்.

போர் முடிந்ததும் யாரிடம் போய்ச் சொல்வது? இந்திய தேசிய ராணுவத்தினர் பிரிட்டிஷாருக்குத் துரோகிகள். சுதந்திர இந்தியா அவர்களைக் கொண்டாடியது, ஆனால் பழைய வீரர்களை ராணுவத்தில் திரும்பச் சேர்க்கவில்லை. மறுத்தவர்களுக்கோ விடுதலைக் கதையில் இடமே இல்லை. இரண்டு தரப்புக்கும், 'எனக்கு ராத்திரி தூக்கம் வரல' என்று சொல்ல ஒரு மேடை இருந்ததில்லை. கேட்க ஹூஸ்டன்போல ஒருவரும் வரவில்லை.

மிஞ்சியது குரல்கள்தான். 1979இல் தொடங்கிய சிங்கப்பூரின் வாய்மொழி வரலாற்றுப் பிரிவு, 1981இல் ஜப்பானிய ஆட்சிக்காலம் பற்றிய பேட்டிகளைப் பதிவுசெய்யத் தொடங்கியது. தமிழ்ப் பேட்டிகளும் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. அவை சிகிச்சைக்காக எடுத்தவை அல்ல. கேட்கும்போது சொன்னதை மட்டுமல்ல, எங்கே பேச்சு நிற்கிறது என்பதையும் கவனியுங்கள்.

சிகிச்சை உண்டா?

உண்டு. படத்தில் ஓர் ஊசி, கொஞ்சம் பேச்சு, உடனே ஒருவர் எழுந்து நடப்பார். நிஜத்தில் அவ்வளவு சுலபம் இல்லை. அதிர்ச்சியை மையமாகக் கொண்ட பேச்சுச் சிகிச்சைகள் இன்று முதல் தெரிவு. அவற்றுக்கு வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும்.

குடும்பத்தில் ஒருவர் இப்படி இருந்தால், 'என்ன நடந்துச்சு, சொல்லுங்க' என்று வற்புறுத்த வேண்டாம். கட்டாயப்படுத்திப் பேசவைப்பது பலன் தருவதில்லை, சிலருக்கு நிலைமை மோசமாகலாம். பக்கத்தில் இருங்கள். தூக்கம், சாப்பாடு எப்படி என்று கேளுங்கள். மருத்துவரைப் பார்க்கக் கூடப் போங்கள்.

உதவி தேவைப்பட்டால்: தேசிய மைண்ட்லைன் 1771, சமாரிட்டன்ஸ் ஆஃப் சிங்கப்பூர் 1767. இரண்டும் 24 மணி நேரமும் இயங்குகின்றன.