வழி புதிது, பொருள் பழையது

கார்பன் தாள் வைக்காமலே, மேல்தாளில் எழுதியது அடித்தாளிலும் நீலமாய்ப் படியும் ரசீதுப் புத்தகங்களை நாம் கண்டிருக்கிறோம். மேல்தாளின் பின்புறத்தில் நிறமற்ற சாயம் நுண்ணிய உறைகளில் அடைபட்டிருக்கும். பேனாவின் அழுத்தத்தில் உறைகள் உடைய, அடித்தாளில் பூசிய நிறமூட்டியைச் சாயம் தொட்டதும் நிறம் பிறக்கிறது.

அந்த நிறமூட்டி பற்றிய வழக்கொன்றில் அமெரிக்க ஃபெடரல் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1985-இல் தீர்ப்பளித்தது. தார்ப் வழக்கு என்பர். உலோகம் ஏற்றிய ஃபீனாலிக் பிசினே அப்பொருள். முன்கூட்டியே வினைபுரியச் செய்த, விலை கூடிய உலோக உப்பைச் சேர்ப்பது பழைய முறை. விண்ணப்பித்தோரோ உலோக ஆக்சைடையும் கார்பாக்சிலிக் அமிலத்தையும் தனித்தனியே இட்டனர். இச்செய்முறைக்குக் காப்புரிமை அலுவலகம் இசைந்தது. 'இம்முறையில் விளைந்த பொருள்' என்ற கோரிக்கையை மட்டும் தள்ளிவிட்டது. நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. பொருள் பழையதே எனில், அது வந்த வழி புதிது என்பதால் புதுப்பொருள் ஆகிவிடாது.

ஒரே கதையைப் பலரும் பாடக் கேட்டுப் பழகிய நமக்கு இது சற்று உறுத்தவே செய்யும். தர்க்கத்தில் பிழை காண்பதற்கில்லை. ஆயினும் மனம் விண்ணப்பித்தோர் பக்கம் சாய்கிறது. செய்முறைக்கு மட்டுமே உரிமை பெற்றவர், அதே முறையில் அயல்நாட்டில் செய்த சரக்கை அமெரிக்காவில் கொணர்ந்து விற்பவர்மீது அன்று காப்புரிமை மீறல் வழக்குத் தொடுக்க இயலாது. அந்த ஓட்டையை அடைக்கும் சட்டத் திருத்தம் 1988-இல்தான் நிறைவேறியது.