குரோம்பேட்டைக் கிணறுகளும் குரோமியச் சோதனையும்

தாம்பரம் மாநகராட்சியில் இரண்டு ஊர்ப்பெயர்களை அடுத்தடுத்துச் சொன்னாலே இந்த வரலாறு பாதி விளங்கிவிடும். ஒன்று, பெயரிலேயே கேணி உள்ள நாகல்கேணி. மற்றொன்று குரோம்பேட்டை, 1912இல் தொடங்கிய குரோம் லெதர் கம்பெனியால் அந்தப் பெயர் வந்தது.

சென்னை மாகாணத்தில் குரோம் உப்பால் தோல் பதனிடும் முறையைப் பரப்பியவர் ஆல்பிரட் சாட்டர்டன். மாடு பூட்டிக் கிணற்று நீர் இறைக்கும் கவலையின் தோல்சாலுக்கு அப்படிப் பதனிட்ட தோல் நன்றாக உழைக்கும் என்று அவர் கண்டார். கிணற்று நீரை மேலேற்ற வந்த அதே குரோம்தான் பின்னாளில் கிணறுகளையே கெடுத்தது. மரப்பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் ஊறவேண்டிய தோலைக் குரோம் உப்பு ஓரிரு நாளில் பதப்படுத்திவிடும். ஆனால் வழக்கமான முறையில் அந்த உப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தோலில் ஏறாமல் கழிவுநீரோடு போய்விடுகிறது. பல்லாவரம், நாகல்கேணி வட்டாரத்தில் டேனரிகள் என்னும் தோல் பதனிடும் ஆலைகள் பெருகியபோது அந்தக் கழிவு மண்ணில் இறங்கியது.

சோதனை வெகு தாமதமாகத்தான் வந்தது. குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500 வெளியான ஆண்டு 1983. 1991 திருத்தத்தில் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் என்ற வரம்பு ஆறிணைதிறன் குரோமியத்துக்கு மட்டும் இருந்தது. புற்றுநோய் உண்டாக்கும் வடிவம் அது. 2012இல் அதே எண் மொத்தக் குரோமியத்துக்கு என்று மாறியது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலமோ 2024இல் ஆறிணைதிறன் வடிவத்துக்குத் தனியாக 0.01 மில்லிகிராம் என்று வரம்பு வைத்தது.

இடையில் நீதிமன்றம் வந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பல்லாவரம் அடங்கிய அன்றைய செங்கை எம்.ஜி.ஆர். உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களின் ஒவ்வொரு டேனரிக்கும் ரூ.10,000 அபராதம் விதித்தது. மாசுபடுத்தியவரே ஈடு செய்யவேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் வேரூன்றியதில் இந்தத் தீர்ப்புக்குப் பெரும் பங்குண்டு.

தீர்ப்பால் நிலத்தடி நீர் தெளிந்துவிடவில்லை. 2008 மார்ச்சில் அண்ணா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் குரோம்பேட்டைப் பகுதியில் 36 நிலத்தடி நீர் மாதிரிகளை எடுத்தார்கள். அவற்றில் 86 விழுக்காட்டில் குரோமியம் வரம்பைத் தாண்டியிருந்தது.

இந்தக் குரோமியத்தை வீட்டுச் சோதனை காட்டிக்கொடுக்காது. சென்னையின் ஓ.எம்.ஆர். சாலையில் நாவலூர் போன்ற இடங்களின் அடுக்குமாடிகளில் லாரித் தண்ணீரையும் போர்த் தண்ணீரையும் டி.டி.எஸ். மீட்டரை முக்கிப் பார்ப்பது வழக்கம். அது கரைந்த உப்புகளின் மொத்த அளவை மின்கடத்தலை வைத்துக் கணிக்கும் கருவி. லிட்டருக்கு 500 மில்லிகிராம் காட்டும் தண்ணீரில் 0.05 மில்லிகிராம் குரோமியம் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. மீட்டருக்கு அது தெரியாது. உப்புச் சுவை தெரியும், குரோமியம் தெரியாது என்பதுதான் இந்த நஞ்சின் கொடுமை.

ஆய்வகத்தில் ஆறிணைதிறன் வடிவத்தைக் காண டைபினைல்கார்பசைடு சேர்ப்பார்கள். நீர் செவ்வூதா நிறம் கொள்ளும், நிறத்தின் அடர்த்தியே அளவைச் சொல்லும். மொத்தக் குரோமியத்துக்கு அணு உறிஞ்சல் நிறமாலைக் கருவி பயன்படும். மாதிரி எடுக்கும்போதே கவனம் தேவை: மொத்த அளவுக்கான புட்டியில் நைட்ரிக் அமிலம் சேர்க்கவேண்டும், ஆறிணைதிறன் அளவுக்கான புட்டியில் சேர்க்கக்கூடாது. சேர்த்தால் அந்த வடிவம் வழியிலேயே மூவிணைதிறனாக மாறி, தேடிய நஞ்சு அறிக்கையில் இல்லாமல் போய்விடும்.