மலையின் மின்சாரமும் லயத்து விளக்கும்

தில்லியிலிருந்து கேரளா எக்ஸ்பிரஸில் ஊர் திரும்பும் பாலக்காட்டுப் பக்கத்து நம்மவர்கள், கோயம்புத்தூர் தாண்டியதுமே படுக்கையைச் சுருட்டிக் கட்டிவிட்டு ஜன்னலோரம் வந்து அமர்ந்துவிடுவார்கள். வாளையாறு கடந்தால் காற்றின் குணமே மாறிவிடும். மேற்குத் தொடர்ச்சி மலையின் நெடுஞ்சுவரில் திறந்துவிட்ட வாசலைப் போன்ற கணவாய் அது. அவ்வழியே வீசும் காற்றை நம்பித்தான் 1995ஆம் ஆண்டில் கேரள மின்சார வாரியம் கஞ்சிக்கோட்டில் 225 கிலோவாட் திறனுள்ள ஒன்பது காற்றாலைகளை நிறுத்தியது. கேரளத்தின் முதல் காற்றாலைப் பண்ணை அதுவே. ரயிலிலிருந்து அந்த யந்திரங்களைக் காணும்போதெல்லாம் நமக்கு ஒரு கேள்வி எழுவதுண்டு: இந்த எல்லை மலைகளில் விளைகின்ற மின்சாரம் யார் வீட்டில் எரிகிறது?

இதற்கு விடை தேட வேண்டுமானால், பாலக்காட்டை விட்டுச் சற்றுத் தெற்கே, மூணாற்றுக்குச் செல்ல வேண்டும். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அங்கே தேயிலைத் தோட்டக்காரர்கள் மலையருவியைக் கொண்டு தங்கள் தேவைக்குச் சிறிதளவு மின்சாரம் எடுத்தார்கள். தேயிலைப் பெட்டிகளோ அந்நாளில் மாடுகள் இழுத்த ஒற்றைத் தண்டவாள வண்டியில் டாப் ஸ்டேஷனுக்குப் போய், அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி போடி மலையடிவாரத்தில் இறங்கின. 1908இல் அதற்குப் பதிலாகச் சிறு ரயில்பாதை வந்தது. 1924ஆம் ஆண்டின் பெருவெள்ளம் அந்தப் பாதையை இருந்த இடம் தெரியாமல் அடித்துச் சென்றுவிட்டது.

திருவிதாங்கூர் சமஸ்தானம் முதிரப்புழை ஆற்றில் கட்டிய பள்ளிவாசல் நீர்மின் நிலையம் 1940 மார்ச்சில் இயங்கத் தொடங்கிற்று. சர் சி. பி. இராமசுவாமி ஐயர் திவானாக இருந்த காலம். கேரள மண்ணின் முதல் பெரிய மின் திட்டம் அதுதான். மலையிலிருந்து இறங்கிய கம்பிகள் நேரே சமவெளிக்குப் போயின. மூன்றே ஆண்டுகளில், 1943இல், அம்மின்சாரத்தை நம்பி ஆலுவாயில் அலுமினியத் தொழிற்சாலை எழுந்தது. ஆலைகளுக்கு மின்சாரம் போதாமற்போகவே, மழைநீரைக் கோடைக்குச் சேர்த்து வைக்கும் பொருட்டு 1946இல் குண்டளை அணையும், 1950களில் மாட்டுப்பட்டி அணையும் கட்டி முடிக்கப்பட்டன.

இந்த மலைகளில் கொழுந்து பறித்தவர்கள் பெரும்பாலும் தமிழர்கள். திருநெல்வேலியிலிருந்தும் மதுரைச் சீமையிலிருந்தும் ஏறி வந்தவர்களின் வழிவந்தவர்கள். நாம் சிறுவராயிருந்தபோது பள்ளி விடுமுறைக்கு அங்கே எஸ்டேட் ஒன்றில் வேலை பார்த்த பெரியம்மா வீட்டுக்குப் போவதுண்டு. வீடு என்பது லயத்தில் ஓர் அறையும் ஓர் அடுப்படியும். முன்னறையில் ஒரே ஒரு மின்விளக்கு. ஆடி மழையில் மரம் முறிந்து கம்பி அறுந்ததென்றால் நான்கு நாளானாலும் ஐந்து நாளானாலும் சீமெண்ணெய் விளக்குதான் கதி. பெரியப்பா திரியைத் தூண்டிவிட்டுக்கொண்டே, “தண்ணி இங்கே, வெளிச்சம் எங்கேயோ” என்பார். அதை அவர் குறையாகச் சொன்னதாக நினைவில்லை. மழை பெய்கிறது என்று சொல்வது போலத்தான் சொல்வார்.

பாலக்காட்டின் கதை வேறு. 1956 வரை அது சென்னை ராஜ்யத்தின் மலபார் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. ஆகவே நீலகிரியில் 1932இல் தொடங்கிய பைக்காரா மின்சாரமே மலபாருக்கும் சென்றது. மொழிவழி மாநிலங்கள் பிரிந்தபோது கம்பிகளுக்கும் எல்லை பிரிக்க வேண்டியதாயிற்று. நீருக்கு எல்லை பிரிப்பது அதனினும் கடினம். 1895இல் பென்னிகுவிக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணை இடுக்கி மலையில் இருக்கிறது. அதன் நீரோ சுரங்கத்தின் வழியே கம்பம் பள்ளத்தாக்குக்கு இறங்குகிறது. அவ்வாறு இறங்குகிற நீரைக் கொண்டு லோயர் கேம்ப் மின்நிலையம் 1950களின் இறுதியிலிருந்து தமிழ்நாட்டுக்கு மின்சாரம் தருகிறது. அதற்காகக் கேரளத்துக்குக் கட்டணம் செலுத்தும் ஏற்பாடு 1970இன் ஒப்பந்தத்தில் உள்ளது. 1976இல் இந்திரா காந்தி அம்மையார் தொடங்கி வைத்த இடுக்கித் திட்டம் இவை எல்லாவற்றையும் சிறியனவாக்கிவிட்டது: மூலமற்றத்தில் பாறைக்குள் குடைந்த நிலையத்தில் ஆறு யந்திரங்கள், மொத்தம் 780 மெகாவாட்.

அணை என்பது உண்மையில் ஒரு சேமிப்பு. வேண்டாத வேளையில் அடைத்து வைத்து, வேண்டும் வேளையில் திறக்கலாம். இடுக்கியின் நீர் 650 மீட்டருக்கும் மேலான உயரத்திலிருந்து விழுவதால், ஆயிரம் லிட்டர் நீரில் சுமார் ஒன்றரை யூனிட் மின்சாரம் கிடைக்கிறது. இன்று வீடுகளில் வைக்கிற ஐந்து யூனிட் லித்தியம் பாட்டரி, ஆகவே, அந்த மலை உச்சியில் நிற்கும் மூவாயிரத்துச் சொச்சம் லிட்டர் தண்ணீருக்குச் சமம். இடுக்கியின் நீர்த்தேக்கம் நிரம்பினால் 200 கோடி யூனிட்டுக்கு மேல் எடுக்கலாம் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், வீட்டுப் பாட்டரி எவ்வளவு சிறியது என்பது விளங்கும். ஆயினும் அது வீட்டுக்காரரின் கைக்குள் இருக்கிறது.

கேரளத்தில் இப்போது கூரைதோறும் சோலார்த் தகடுகள் பெருகி வருகின்றன. பகலில் மிஞ்சுகிற மின்சாரத்தை வாரியத்துக்குக் கொடுத்து, இரவில் திரும்ப வாங்கிக்கொள்ளும் கணக்குக்கு அரசு ஏடுகளில் நிகர அளவீடு என்று பெயர். மொழிபெயர்ப்பே நமது பிழைப்பாதலால் அச்சொல்லை நாமும் பலமுறை எழுதியிருக்கிறோம். மக்கள் நெட் மீட்டர் என்கிறார்கள், அவர்கள் சொல்வதுதான் நிற்கும். சிக்கல் சொல்லில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. சூரியன் நண்பகலில் கொடுக்கிறான். வீடுகளுக்கு வேண்டுவதோ விளக்கு வைத்த பிறகு. 2024 மே மாதத்து வெப்பத்தில் கேரளத்தின் உச்ச மின்தேவை 5,700 மெகாவாட்டைத் தாண்டியது. அது நேர்ந்ததும் இரவு வேளையில்தான். குளிர்சாதனப் பெட்டிகளோடு, வேலை முடிந்து வந்து மின்சார ஸ்கூட்டரையும் காரையும் வீட்டில் செருகி வைக்கிற புதுப் பழக்கமும் அதற்கு ஒரு காரணம் என்றார்கள். கேரளம் தன் மின்சாரத்தில் பெரும்பங்கை வெளியிலிருந்து வாங்குவதால், இரவின் ஒவ்வொரு யூனிட்டும் கனக்கிறது. பகல் வெயிலைச் சேர்த்து வைக்கும் பாட்டரியைப் பற்றி இன்று எல்லோரும் பேசுவது இதனால்தான்.

சேமிப்பு இல்லாத இடத்தில் என்ன நேரும் என்பதை 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு காட்டிற்று. இராசமலையை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களின் மேல் விழுந்தது. மழையால் மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் அற்றிருந்தமையால், செய்தி வெளியுலகுக்கு எட்டியதே மறுநாள் காலையில்தான். எழுபது பேர் மாண்டனர். அவர்களிற் பலர் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு வட்டாரத்தைப் பூர்வீகமாகக் கொண்ட தமிழ்க் குடும்பத்தினர். விளக்கிருந்தால் மலை சரியாமல் இருந்திருக்காது. ஆனால் பள்ளிவாசலில் மின்சாரம் பிறந்து எண்பது ஆண்டுகள் கழிந்த பின்னும், அதே மலையில், உதவி கேட்பதற்கு ஒரு தொலைபேசியை உயிரோடு வைத்திருக்கும் அளவு மின்சாரம் அன்றிரவு இல்லை என்பதை நாம் எளிதாக மறந்துவிட முடியவில்லை.

2024இல் மத்திய அரசு கூரைச் சோலாருக்கென அறிவித்த திட்டத்தில், மூன்று கிலோவாட்டும் அதற்கு மேலும் அமைப்போருக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைக்கிறது. நல்ல திட்டம், பாலக்காட்டில் சொந்த வீடு உள்ள நம் உறவினர் ஒருவர் அதன்படி தகடு பதித்திருக்கிறார். ஆனால் மானியத்துக்கு முதலில் ஒரு கூரை வேண்டும். லயத்தின் கூரை தோட்டத்துக்குச் சொந்தம். வேலை ஓய்ந்தால் வீட்டையே விட வேண்டியவர் எந்தக் கூரையில் தகடு பதிப்பார்? மும்பையிலும் பெங்களூரிலும் வாடகை வீட்டில் இருக்கும் நம் நேயர்களுக்கும் இந்தக் கேள்வி அந்நியமன்று. தில்லியில் 2019இல் வகுத்த விதிகளின்படி, பலர் சேர்ந்து வேறோரிடத்தில் ஒரே சோலார் நிலையம் அமைத்து, அதன் யூனிட்டுகளைத் தத்தம் மீட்டர்க் கணக்கில் பங்கிட்டுக்கொள்ள வழியிருக்கிறது.

பொதுவில் உடைமை கொள்வது பாலக்காட்டுக்கும் புதிதன்று. கல்லடிக்கோட்டு மலையோரத்தில், மீன்வல்லம் அருவியில், மாவட்ட ஊராட்சியே ஒரு கம்பெனி ஏற்படுத்தி 3 மெகாவாட் நீர்மின் நிலையம் அமைத்தது. 2014 முதல் அதன் மின்சாரம் வாரியத்தின் கம்பிகளுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அருவியும் சிறியது, யந்திரங்களும் இரண்டேதான். ஆனால் வருமானம் ஊராட்சியின் கணக்கில் சேர்கிறது. பெரியப்பா இருந்திருந்தால், மீன்வல்லம் எங்கே இருக்கிறது, பஸ் போகுமா என்று கேட்டிருப்பார்.