இரு மேசைகளுக்கு நடுவே

என் பேத்தி அமெரிக்காவுக்குப் படிக்கக் கிளம்பிய அன்று, "தாத்தா, பிளேன் கடலுக்கு மேல போறப்போ கீழேருந்து யாரு பாத்துக்கிட்டே இருப்பாங்க?" என்று கேட்டாள். மும்பை விமான நிலையத்தின் எச்.எஃப். வானொலி அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். "எங்க காலத்துல யாரும் பாக்கலேம்மா, கேட்டுக்கிட்டுதான் இருந்தோம்" என்றேன். அவளிடம் முழுசாகச் சொல்ல நேரமில்லை. இங்கே எழுதுகிறேன்.

ரேடாருக்கும் வி.எச்.எஃப். வானொலிக்கும் பார்வைக்கோடுதான் எல்லை. உயரப் பறக்கும் விமானமானாலும் ஏறக்குறைய 400 கிலோமீட்டரோடு சரி. நடுக்கடலில், அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பும் எச்.எஃப். அலையே கதி. பகலுக்கு ஓர் அலைவரிசை, இரவுக்கு வேறொன்று. இரைச்சலுக்கு நடுவே விமானி தாம் கடந்த இடத்தையும், அடுத்த இடத்தைத் தொடும் நேரத்தையும் சொல்வார், எழுதிக்கொள்வோம். வரவேண்டிய செய்தி அரை மணி தாமதமானால் ஐயநிலை அறிவிக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. ஆனால் மௌனம் எங்களுக்குப் பழகிப்போன ஒன்று. வினை அங்கேதான்.

1949 ஜனவரி 17 அன்று 'ஸ்டார் ஏரியல்' விமானம் 20 பேருடன் பெர்முடாவிலிருந்து ஜமைக்காவின் கிங்ஸ்டனுக்குக் கிளம்பியது. ஒரு மணி நேரம் பறந்தபின், கிங்ஸ்டன் அலைவரிசைக்கு மாறுவதாகச் சொல்லிற்று. பெர்முடாவின் கையை விட்டுப் போயிற்று; கிங்ஸ்டன் கைக்கு வந்து சேரவில்லை. தேடல் தொடங்கப் பல மணி நேரம் ஆயிற்று. ஒரு துண்டுகூடக் கிடைக்கவில்லை.

அறுபது ஆண்டு கழித்தும் அதே கதை. ரியோவிலிருந்து பாரிஸுக்கு 228 பேருடன் போன ஏர் பிரான்ஸ் 447, 2009 ஜூன் 1 அன்று, கிரீன்விச் நேரம் 1:35க்கு பிரேசில் கட்டுப்பாட்டு மையத்துடன் கடைசியாகப் பேசியது. அடுத்து செனகலின் டாக்கர் மையத்தின் எல்லை. எல்லைப் புள்ளியை எப்போது தொடுவீர்கள் என்று பிரேசில் அதிகாரி மூன்று முறை கேட்டார். பதில் இல்லை. டாக்கருடன் தரவு இணைப்பு ஏற்படுத்த விமானிகள் செய்த முயற்சிகளும் பலிக்கவில்லை. 2:10க்கு வேகமானியின் குழாய்களில் பனி உறைந்து தானியங்கி விடுபட்டது. 2:14க்கு விமானம் கடலில் விழுந்தது.

டாக்கரில் என்ன நடந்தது தெரியுமா? பயணத் திட்டத்தைக் கணினியில் போட்டார்கள். கணக்குப்படி ஒரு கற்பனை விமானம் திரையில் பறந்துகொண்டிருந்தது! அபாய அறிவிப்பு வெளிவர ஆறு மணி நேரத்துக்கு மேலாயிற்று. சீக்கிரம் அறிவித்திருந்தால் உயிர்கள் பிழைத்திருக்காது. ஆனால் சிதறலை உடனே தேடியிருந்தால் இடம் தெரிந்திருக்கலாம். கறுப்புப் பெட்டிக்காகக் குடும்பங்கள் 2011 வரை காத்திருக்க நேர்ந்திராது என்பது என் எண்ணம்.

2014 மார்ச் 8 அன்று 239 பேருடன் சென்ற எம்.எச். 370இன் கடைசிக் குரலும் கோலாலம்பூர் மையத்திடமிருந்து ஹோ சி மின் மையத்துக்கு மாறும் இடத்தில்தான் கேட்டது, மலேசிய நேரம் 1:19க்கு. ஹோ சி மின் மையம் விசாரித்தபோது 1:39. விமானம் கம்போடிய வான்வெளியில் இருப்பதாக நடுவில் ஒரு தகவலும் வந்தது. அதுவும் கணக்குப் புள்ளியே! அபாயநிலை அறிவித்தது 6:32க்கு. விமானம் பெய்ஜிங்கில் இறங்கியிருக்க வேண்டிய நேரமே 6:30.

அதன் பிறகு விதி மாறிற்று. 2018 நவம்பர் முதல், கடல்மேல் பெரிய விமானங்களின் இடத்தை 15 நிமிடத்துக்கு ஒருமுறையாவது விமான நிறுவனம் அறிய வேண்டும். 2019 முதல் செயற்கைக்கோள்களும் விமானம் அனுப்பும் குறியைப் பிடித்துத் தருகின்றன.

பேத்தி போன இரவு, மகன் தன் கைப்பேசியில் அவள் விமானத்தைக் காட்டினான். அட்லாண்டிக்கின் நடுவே அழகாக நகர்ந்துகொண்டிருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கீழே இருந்த சின்ன எழுத்தைப் படித்தேன். 'உத்தேச இடம்' என்றிருந்தது. அவள் இறங்கிப் போன் பண்ணும் வரை நான் படுக்கவில்லை.