சின்சில்லாவுக்குக் கூண்டு வாங்கப் போகிறீர்களா? முதலில் ஏசியைப் பாருங்கள்

பஞ்சு உருண்டை மாதிரி இருக்கும் சின்சில்லாவை ரீல்ஸில் பார்த்திருப்பீர்கள். தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில் வாழும் கொறிவிலங்கு இது. 1923-ல் மத்தியாஸ் சாப்மன் என்ற அமெரிக்கர் 11 சின்சில்லாக்களை சிலியிலிருந்து கலிபோர்னியாவுக்குக் கொண்டுபோனார். இன்று வீடுகளில் வளர்பவற்றில் பெரும்பாலானவை அவற்றின் வாரிசுகள்தான். மலையிலிருந்து அவற்றைக் கீழே இறக்கவே அவர் மாதக்கணக்கில் நேரம் எடுத்துக்கொண்டார். திடீர் வெப்பத்தை அவை தாங்காது என்பதுதான் காரணம்.

நூறாண்டு கழிந்தும் சிக்கல் அதேதான். ஒரே மயிர்க்காலில் 50-க்கும் மேற்பட்ட முடிகள், அதோடு வியர்வையும் கிடையாது. 15 முதல் 21 டிகிரி செல்சியஸ் வரை அதற்குச் சுகம். 25-ஐத் தாண்டினால் ஆபத்து, காற்றில் ஈரப்பதமும் சேர்ந்தால் இன்னும் மோசம்.

இதை நம் ஊர்க் கணக்கோடு வைத்துப் பாருங்கள். மே மாதத்தில் சென்னையின் சராசரி குறைந்தபட்ச வெப்பநிலையே சுமார் 28 டிகிரி. அதாவது விடியற்காலையில்கூட ஆபத்துக் கோட்டுக்கு மேலேதான். டெல்லியில் மே மாதப் பகல் 40-ஐத் தொடும். 'குளுகுளு' பெங்களூரிலும் ஏப்ரல் பகல் சராசரி 34-ஐ ஒட்டி இருக்கும். "ஃபேன் போட்டா போதும் சார்" என்று கடையில் சொன்னால் நம்பாதீர்கள். வியர்க்காத உடம்புக்கு ஃபேன் காற்றால் பெரிய பயனில்லை.

பல வீடுகளில் ஏசி இருப்பது படுக்கையறையில் மட்டும். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அதை அணைத்துவிடுவோம். வெயில் ஏறுவதோ அப்போதுதான். சரி, 24 மணி நேரமும் ஓடவிட்டால்? மணிக்கு சராசரி அரை யூனிட் என்று வைத்தாலும் நாளுக்கு 12, மாதத்துக்கு 360 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்றால் 2,880 ரூபாய். கூண்டின் விலையை விசாரிக்கும் முன் இந்தத் தொகையைக் குறித்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, சின்சில்லா இரவில்தான் துள்ளும். அதே அறையில் தூங்குவது உங்கள் பாடு!

கூண்டு எப்படி இருக்கணும்?

ஹாம்ஸ்டர் கூண்டு சிறியது, வேண்டாம். ஒன்றுக்கு மூன்றடி நீளம், இரண்டடி அகலம், மூன்றடி உயரம் என்பதைக் குறைந்தபட்சமாக வைத்துக்கொள்ளுங்கள். ஜோடி என்றால் இன்னும் பெரிசு. உள்ளே மரத் தட்டுகளை மாற்றி மாற்றிப் பொருத்துங்கள். தவறி விழுந்தாலும் இரண்டடிக்கு மேல் விழக்கூடாது.

கம்பிகளுக்கு நடுவே ஒரு அங்குலத்துக்கு மேல் இடைவெளி கூடாது, குட்டி இருந்தால் அரை அங்குலம். வெறும் கம்பித் தரையில் நிற்கவிட்டால் பாதம் புண்ணாகும், கால் சிக்கி எலும்பு முறியும். பிளாஸ்டிக் தட்டு, பிளாஸ்டிக் வீடு எல்லாவற்றையும் கடித்துத் தின்றுவிடும். அந்தத் துண்டுகள் குடலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. பெயின்ட் அடித்த மரமும் பிளைவுட்டும் கூடாது. உலரவைத்த பைன் அல்லது ஆப்பிள் மரம் சரி, சிடார் வேண்டாம். மலிவான கூண்டுகளில் இருக்கும் துத்தநாகப் பூச்சைக் கடித்தால் விஷம். அதனால் நல்ல வெல்டிங் கடையில் அளவு கொடுத்து ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வலையில் செய்துகொள்வது நல்ல வழி. ஓடும் சக்கரம் வைப்பதானால் 15 அங்குல விட்டம், கம்பி இல்லாத மூடிய தளம்.

ஜன்னல் வெயில், பால்கனி, சமையலறை மூன்றும் கூண்டுக்கு ஆகாது. கூண்டுக்குப் பக்கத்திலேயே ஒரு வெப்பமானியை மாட்டுங்கள். ஏசி ரிமோட் காட்டும் எண் கூண்டுக்குள் இருக்கும் வெப்பநிலை அல்ல.

தினசரி வேலை

புழுக்கையைப் பெருக்கி, சிறுநீர் பட்ட இடத்தைத் துடைத்து, புது உலர்புல்லும் தண்ணீரும் வையுங்கள். வாரம் ஒருமுறை கீழ்விரிப்பை மாற்றி, தண்ணீர் கலந்த வினிகரால் தட்டுகளைத் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். விலங்கைத் தண்ணீரில் குளிப்பாட்டவே கூடாது, அடர்ந்த முடிக்குள் ஈரம் தங்கிவிடும். அதற்குப் பதில் வாரம் இரண்டு மூன்று முறை, 10-15 நிமிடம் தூள் குளியல். இதற்கென்றே விற்கும் எரிமலைச் சாம்பல் தூளைத்தான் வாங்க வேண்டும், ஆற்று மணல் உதவாது. முடிந்ததும் பாத்திரத்தை வெளியே எடுத்துவிடுங்கள்.

கரண்ட் போனால்? வீட்டு இன்வெர்ட்டர் பெரும்பாலும் ஏசியை இழுக்காது. ஃபிரிட்ஜில் எப்போதும் ஒரு கிரானைட் துண்டு வைத்திருங்கள், அதன்மேல் அது படுத்துக்கொள்ளும். உறைந்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றிக் கூண்டுக்கு வெளியே ஒட்டி வைக்கலாம். காது சிவந்து சூடாகி, விலங்கு சோர்ந்து படுத்து வேகமாக மூச்சு வாங்கினால் அது ஹீட் ஸ்ட்ரோக். குளிர்ந்த இடத்துக்கு மாற்றி, ஈரத்துணியால் காதையும் பாதத்தையும் தொட்டுக்கொண்டே மருத்துவரிடம் ஓடுங்கள். ஐஸ் தண்ணீரில் முக்காதீர்கள்.

அந்த மருத்துவர் யார் என்பதை வாங்கும் முன்பே தேடிவையுங்கள். நாய், பூனை பார்க்கும் எல்லோரும் இதைப் பார்ப்பதில்லை. பில்லோடு பண்ணையில் பிறந்ததற்கான ஆவணத்தையும் கேளுங்கள். காட்டுச் சின்சில்லா சைட்ஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் இருக்கிறது, வளர்ப்பு வகைக்கு மட்டுமே விலக்கு. பதிவு தேவையா என்பதை உங்கள் மாநில வனத்துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.