திறமூல மென்பொருட் சமூகங்களின் அரட்டைத் தளத் தெரிவு: யாழ்ப்பாணக் குடாநாட்டு நோக்கு

திறமூல மென்பொருளுக்கு நிரல் எழுதுவோரும் அதை மொழிபெயர்ப்போரும் வழு அறிவிப்போரும் புதிதாக வந்து கேள்வி கேட்போரும் அன்றாடம் கூடிப் பேசும் இணைய இடம் அரட்டைத் தளம் எனப்படும். ஐஆர்சி, எக்ஸ்எம்பிபி, மேட்ரிக்ஸ், சூலிப், ஸ்லாக், டிஸ்கோர்ட், டெலிகிராம், வாட்ஸ்அப் ஆகியவை இன்று இத்தேவைக்குப் பயன்படுகின்றன. சமூகத்தில் யார் சேரலாம், பேசியவை எவ்வளவு காலம் நிலைக்கும், தளத்தின் உரிமையாளர் மனம் மாறினால் என்ன நடக்கும் என்பவையெல்லாம் இத்தெரிவோடு கட்டுண்டவை. யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்வெட்டு, அரசின் இணையத் தடை, தமிழ் எழுத்து, கடல் கடந்து வாழும் உறுப்பினர்கள் ஆகிய நான்கும் சேர்ந்து இத்தெரிவை மேலும் கடினமாக்குகின்றன.

பின்னணி

பின்லாந்தின் ஊலு நகரில் யார்க்கோ ஒய்கரினென் 1988 இல் ஐஆர்சியை உருவாக்கினார். அது உலகெங்கும் பரவிய 1990களின் பெரும்பகுதியில் குடாநாட்டுக்குத் தேசிய மின்வழங்கல் இருக்கவில்லை. குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி, போரால் மூடியிருந்தபின் 2002 இல் திறந்து 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடியது. ஆகவே யாழ்ப்பாணத்தவர் பங்குகொண்ட கட்டற்ற அறிவு முயற்சிகளின் முதற்கட்டம் பெரும்பாலும் ஊருக்கு வெளியே நடந்தது. 2003 இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவை வளர்த்தெடுத்தவர்களில் முதன்மையானவர் யாழ்ப்பாணத்தவரான இ. மயூரநாதன், அவர் அப்போது துபாயில் கட்டடக் கலைஞராகப் பணியாற்றினார். ஈழத்துத் தமிழ் நூல்களை இணையத்தில் ஆவணப்படுத்த 2005 இல் தொடங்கிய நூலகத் திட்டமும் பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்களின் உழைப்பில் வளர்ந்தது.

தமிழ் விக்கிப்பீடியர் பொதுவில் பேசிக்கொள்ளும் இடத்துக்கு ஆலமரத்தடி என்று பெயர். அது உடனுக்குடன் பேசும் அரட்டை அன்று. விக்கியிலேயே எழுதிவைக்கும் உரையாடல். ஆனால் தொடக்க ஆண்டுகளில் அங்கு நடந்த விவாதங்களையும் இன்று எவரும் கணக்குத் திறக்காமல் எடுத்து வாசிக்கலாம். எந்த முடிவு ஏன் எடுக்கப்பட்டது என்று புதிதாக வருபவர் தாமே அறிந்துகொள்ளலாம். அரட்டைத் தளமொன்றை மதிப்பிட இதைவிட நல்ல அளவுகோல் தமிழ்ச் சூழலில் இல்லை.

இலங்கையின் பெயர்பெற்ற திறமூல மென்பொருளான சஹானாவின் அனுபவம் வேறு வகையானது. 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை வடமராட்சிக் கிழக்கு உட்படக் கரையோரங்களை அழித்தபின், காணாமற்போனோரையும் முகாம்களையும் பதிவுசெய்யக் கொழும்பில் லங்கா சொவ்ட்வெயர் பவுண்டேசனைச் சூழ்ந்த தன்னார்வலர்கள் அதை எழுதினர். 2006 இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகநல விருது அதற்குக் கிடைத்தது. பின்னர் பல நாட்டவர் பங்களிக்க வந்தபோது ஃப்ரீநோட் என்ற ஐஆர்சி வலையமைப்பில் சஹானாவுக்கென ஓர் அறை இருந்தது.

2021 மே மாதம் ஃப்ரீநோட்டின் கட்டுப்பாடு கைமாறியதை எதிர்த்து அதன் தன்னார்வப் பணியாளர்கள் விலகி லிபெரா.சாட் என்ற புதிய வலையமைப்பைத் தொடங்கினர். லிபெராவின் பெயரைத் தலைப்பில் எழுதிய நூற்றுக்கணக்கான அறைகளை ஃப்ரீநோட் நிர்வாகம் சில நாட்களில் தன்வசப்படுத்தியது. விக்கிமீடியா, உபுண்டு உள்ளிட்ட சமூகங்கள் இடம்பெயர்ந்தன. மென்பொருள் திறந்ததாக இருந்தாற் போதாது, வழங்கியும் பெயரும் யார் கையில் என்பதையும் பார்க்கவேண்டும் என்பதற்கு இந்நிகழ்வு சான்று.

தமிழ் எழுத்தும் ஐஆர்சியும்

ஐஆர்சியில் ஒரு வரி 512 பைட்டைத் தாண்டக் கூடாது. அனுப்புநர் பெயர், அறையின் பெயர் எல்லாம் அந்த 512 க்குள் அடங்கவேண்டும். யூடிஎஃப்-8 குறிமுறையில் ஆங்கில எழுத்து ஒரு பைட். தமிழில் ஒவ்வொரு குறியும் 3 பைட். 'கி' என்ற எழுத்து க-வும் இகரக் குறியுமாக 6 பைட் எடுக்கும். 'யாழ்ப்பாணம்' என்ற ஒரே சொல்லுக்கு 33 பைட் போகும். இதனால் ஓரளவு நீண்ட தமிழ் வாக்கியம் நடுவில் அறுந்துவிடும். இது செயலியின் குறை அன்று, நெறிமுறையின் எல்லை. ஆங்கிலத்தில் வழு பேச ஐஆர்சி போதும். கலைச்சொல் ஒன்றைப் பற்றித் தமிழில் வாதிட அது இடம்கொடாது.

ஐஆர்சிக்கு இன்னொரு குறையும் உண்டு. வழக்கமான ஐஆர்சி வழங்கி செய்திகளைச் சேமிப்பதில்லை. ஒருவரின் இணைப்பு அறுந்திருந்த நேரத்தில் பேசியவை அவருக்குக் கிடைக்காது. 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. அப்படியான நாளில் ஐஆர்சியை நம்பியிருப்பவர் உரையாடலின் பாதியை இழப்பார். இடையில் எப்போதும் இணைந்திருக்கும் வழங்கி ஒன்றை வாடகைக்கு எடுத்தால் இதைச் சமாளிக்கலாம். ஆனால் புதிதாக வரும் பல்கலைக்கழக மாணவரிடம் அதைக் கேட்பது நியாயமில்லை.

வாட்ஸ்அப்பின் இழுப்பும் தடையும்

குடாநாட்டில் எந்த முயற்சியும் முதலில் வாட்ஸ்அப் குழுவாகவே தொடங்குகிறது. எல்லோர் கைத்தொலைபேசியிலும் அது ஏற்கெனவே இருக்கிறது. தொலைபேசி நிறுவனங்கள் வாட்ஸ்அப், முகநூல் போன்றவற்றுக்கெனத் தனி டேட்டா பொதிகளை விற்கின்றன. அந்தப் பொதியில் மேட்ரிக்ஸோ சூலிப்போ வராது. காசுக்கணக்குப் பார்க்கும் மாணவருக்கு இது பெரிய விடயம்.

குறைகளும் கனமானவை. குழுவில் சேர்ந்தவுடன் ஒருவரது தொலைபேசி இலக்கம் முன்பின் அறியாதவர்களிடம் போகிறது. பல பெண்கள் திறந்த குழுக்களில் சேரத் தயங்க இது ஒன்றே போதும். பழைய உரையாடல் தேடுபொறிக்கு எட்டாது. ஒருமுறை விடையளித்த கேள்விக்கு மறுபடி மறுபடி விடை எழுதவேண்டியிருக்கும். டெலிகிராமில் இலக்கத்தை மறைக்கலாம், புதியவர் பழையதை வாசிக்கலாம். அதன் செயலிகளின் மூலநிரல் திறந்தது. வழங்கியின் நிரல் மூடியது.

அரசின் தடையையும் கணக்கில் எடுக்கவேண்டும். 2018 மார்ச் கண்டி வன்முறைகளின்போதும் 2019 ஏப்ரல் ஈஸ்டர் குண்டுவெடிப்புகளின் பின்னும் இலங்கை அரசு முகநூல், வாட்ஸ்அப், வைபர் ஆகியவற்றை நாட்கணக்கில் முடக்கியது. 2022 ஏப்ரல் 3 இல் ஆர்ப்பாட்டங்களைத் தடுக்க மீண்டும் முடக்கியது. ஒரே செயலியில் முழுச் சமூகத்தையும் வைத்திருந்தோர் அந்நாட்களில் ஒருவரை ஒருவர் எட்ட முடியாமற்போனது. கட்டற்ற தளங்களுக்கும் இத்தகைய தடையிலிருந்து விலக்கு இல்லை. மேட்ரிக்ஸின் முதன்மைச் செயலியான எலிமெண்டை இந்திய அரசு 2023 மே மாதம் வேறு 13 செயலிகளோடு சேர்த்துத் தடைசெய்தது. ஆனால் மேட்ரிக்ஸ் ஒரு நெறிமுறை. வேறு செயலிகள் வழியே, வேறு வழங்கிகளில் உரையாடல் தொடர இடமுண்டு. வாட்ஸ்அப்பில் அந்த வழி இல்லை.

ஸ்லாக், டிஸ்கோர்ட்

இலவச ஸ்லாக் கணக்கில் 2022 செப்டெம்பர் முதல் கடந்த 90 நாள் உரையாடல் மட்டுமே தெரியும். அதற்கு முன் இறுதி 10,000 செய்திகள் தெரிந்தன. 2018 இல் ஐஆர்சி, எக்ஸ்எம்பிபி வாயில்களையும் ஸ்லாக் மூடியது. தன்னார்வச் சமூகத்துக்கு ஸ்லாக் பொருந்தாது. எனினும் தப்ப முடியாத இடமும் உண்டு: நூலகத் திட்டத்தை நடத்தும் நூலக நிறுவனத்தின் ஆவணகம் தளம் இயங்கும் இஸ்லாந்தோரா மென்பொருளின் உலகச் சமூகம் ஸ்லாக்கில் உரையாடுகிறது. நாம் சார்ந்திருக்கும் மூலத் திட்டம் எங்கு பேசுகிறதோ அங்கே ஒருவராவது இருந்து கேட்டுச் சொல்லவேண்டும்.

டிஸ்கோர்டில் குரல் அறைகள் நன்று, இளையோருக்குப் பழக்கமானது. அங்கிருந்து சமூகத்தின் உரையாடல் முழுவதையும் எடுத்துச்செல்லத் தளமே தரும் வழி கிடையாது. குரல்வழிக் கூட்டம் மட்டும் வேண்டுமென்றால், காஞ்சிபுரம் லினக்ஸ் பயனர் குழு ஞாயிறுதோறும் செய்வதுபோல ஜிட்சி என்ற இணையக் கூட்டச் செயலி போதும். இந்தியாவும் இலங்கையும் ஒரே நேரவலயம் என்பதால் யாழ்ப்பாணத்தவர் அதில் சேர்வதும் எளிது.

மேட்ரிக்ஸும் சூலிப்பும்

2014 இல் தொடங்கிய மேட்ரிக்ஸில் அறை எந்த ஒரு வழங்கிக்கும் சொந்தமில்லை. பங்குகொள்ளும் வழங்கிகள் எல்லாவற்றிலும் அதன் நகல் இருக்கும். கேடிஈ சமூகம் 2019 இல் அதை ஏற்றது. மேட்ரிக்ஸ், மேட்டர்மோஸ்ட், ராக்கெட்.சாட், ஸ்லாக் ஆகிய நான்கு தளங்களையும் மொசில்லா பரிசோதித்து 2019 டிசம்பரில் மேட்ரிக்ஸைத் தெரிந்து, 2020 மார்ச்சில் தன் ஐஆர்சி வழங்கியை மூடியது. இந்தியக் கட்டற்ற மென்பொருட் சமூகம் தானே மேட்ரிக்ஸ், எக்ஸ்எம்பிபி வழங்கிகளை நடத்திவந்துள்ளது. பொது அறைக்கு மறையாக்கம் போடக் கூடாது: ஒருமுறை போட்டால் எடுக்க முடியாது, வழங்கியில் தேடவும் இயலாது.

சூலிப்பில் ஒவ்வொரு செய்தியும் ஒரு தலைப்பின் கீழ் வரும். கடல் கடந்து வாழும் உறுப்பினர்கள் உள்ள சமூகத்துக்கு இது உதவும். யாழ்ப்பாணத்தில் இரவு 8 மணி என்றால் ரொறன்ரோவில் கோடையில் காலை 10.30, குளிர்காலத்தில் 9.30. ஒருவர் எழுதிவிட்டு உறங்க, மற்றவர் எழுந்து விடையளிக்கும் சமூகத்தில் தலைப்பில்லாத உரையாடல் ஒன்றோடொன்று சிக்கிப்போகும். தலைப்புள்ள உரையாடலை மறுநாளும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். 2014 இல் டிராப்பாக்ஸ் வாங்கிய சூலிப், 2015 இல் அப்பாச்சி உரிமத்தில் திறமூலமானது. 2 ஜிபி நினைவகமுள்ள சிறு வழங்கியிலும் ஓடும். திறமூலத் திட்டங்களுக்கு அதன் நிறுவனமே இலவசமாக இடம் தருகிறது. தெரிவுசெய்த அறைகளைக் கணக்கில்லாமலே வாசிக்கத் திறந்துவிடலாம். பிஜிகுரோங்கா என்ற துணைநிரலை நிறுவினால் ஆங்கிலம் அல்லாத மொழிகளிலும் நன்றாகத் தேடலாம். சொந்த வழங்கியில் ஓட்டினாலும் கைத்தொலைபேசிக்கான அறிவிப்புகள் சூலிப் நிறுவனத்தின் வழியே போவது இதன் பலவீனம்.

தெரிவு

குடாநாட்டை மையமாகக் கொண்ட திறமூலச் சமூகத்துக்கு, இன்றைய நிலையில், வேலை பேச சூலிப் ஏற்றது. தனித்தனி வழங்கி வைத்திருக்க விரும்பும் பல அமைப்புகள் சேர்ந்து பேசுவதாயின் மேட்ரிக்ஸ் மேல். வாட்ஸ்அப் குழுவைக் கலைக்கத் தேவையில்லை; கூட்ட அறிவிப்புக்கும் புதியவரை வரவேற்கவும் அது இருக்கட்டும். முடிவுகளை மட்டும் அங்கே எடுக்காதீர்கள். எந்தத் தளமானாலும் முதல் மாத உரையாடலை முழுவதும் தரவிறக்கி, வேறொரு கணினியில் திறந்து, தமிழ் எழுத்துக் குலையாமல் வருகிறதா என்று பார்த்தபின் மற்றவர்களை அழையுங்கள்.